மண்டப வாசலில் சேறு தள்ளியவர்

இந்நினைவு மலரைக் கையில் ஏந்தியிருக்கும் உறவினர்க்கும் நண்பர்க்கும் என் வணக்கம். அண்ணன் மறைந்து ஓராண்டு நிறைகின்ற இந்நாளில் அவரைப் பற்றி எழுதும் பொறுப்பை, பள்ளியில் நெடுங்காலம் தமிழ் கற்பித்தவள் என்பதனால், எல்லாரும் என்னிடமே தந்தீர்கள். இத்தகைய மலர்களில் மறைந்தவரின் நற்பண்புகளை எழுதுவதே மரபு. அண்ணனிடம் அவற்றுக்குக் குறைவில்லை. ஆயினும் அவற்றை எழுத அமர்ந்தபோதெல்லாம் அவர் பண்புக்கு அருகிலேயே என் பிழையும் வந்து நின்றது. அதனை விலக்கிவிட்டு எழுதினால் கட்டுரை முழுவதும் பொய்யாகிவிடும்.

ஆகவே முதலிலேயே சொல்லிவிடுகிறேன். என் மகன் குமரனின் திருமணத்தன்று, தாய்மாமனாக மணமேடையில் நிற்க வேண்டிய அண்ணன் அங்கே நிற்காததற்குக் காய்ச்சலே காரணம் என்று உங்களிடம் கூறினேன். அண்ணனுக்கு அன்று காய்ச்சல் இல்லை. நடந்ததை இங்கே எழுதுகிறேன்.

அண்ணன் பிறந்தது சிந்தாதிரிப்பேட்டையில், கூவத்தை ஒட்டிய சந்து ஒன்றில். எங்கள் தந்தையார் அச்சகத் தொழிலாளி. அண்ணனுக்குப் பதினான்கும் எனக்கு ஆறும் நிரம்பிய ஆண்டில் அவர் காலமானார். அண்ணன் பள்ளியை விட்டு லேத்துப் பட்டறை ஒன்றில் சேர்ந்தார். நான் பள்ளியில் தொடர்ந்தேன். எங்கள் இருவரின் வாழ்வும் பிரிந்த இடம் அதுதான். பிரித்தவர் அவர், பயன் பெற்றவள் நான்.

ஆற்றில் வெள்ளம் வந்தால் எங்கள் சந்துக்குள்தான் முதலில் நுழையும். நீர் இரண்டொரு நாளில் வடிந்துவிடும். அது விட்டுச்செல்லும் சேறு வடியாது. அதனை வாரித்தான் ஆகவேண்டும். அம்மாவும் அண்ணனும் தகரத் துண்டுகளால் அதனை வாரி வெளியே தள்ளுவார்கள். நான் கட்டில்மேல் நின்று மூக்கைப் பொத்திக்கொள்வேன். மழையின்மீது அண்ணனுக்கு எந்நாளும் கோபம் இருந்ததில்லை. மழை போன பிறகு வாசலில் கிடக்கும் சேற்றின்மீதுதான் அவருக்கு வாழ்நாள் முழுவதும் பகை.

இருபத்தைந்தாம் வயதில் அடையாற்றில், பெருந்தோட்டம் சூழ்ந்த மாளிகை ஒன்றில் ஓட்டுநராகச் சேர்ந்தார். அத்தோட்டத்துக் கொட்டகையில் இரண்டு சிறு டிராக்டர்கள் கிடந்தன. வயலை உழுவதற்கு உரியவை அல்ல. வீட்டுத் தோட்டத்தில் புல் வெட்டவும் மண் இழுக்கவும் ஆனவை. ஏறி அமர்ந்தால் முழங்கால் ஸ்டியரிங்கில் இடிக்கும். மாளிகைக்காரரின் தந்தையார் குளிர்நாடு ஒன்றில் பணியாற்றித் திரும்பியபோது கப்பலில் கொண்டுவந்தவை. அவற்றோடு, எதற்கென்று எவருக்கும் தெரியாத பொருள்கள் சிலவும் வந்திருந்தன. ஒன்று, வண்டியின் முன்னால் பூட்டத்தக்க, வளைந்த பெரிய இரும்புத் தகடு. மற்றவை, சக்கரத்தில் சுற்றத்தக்க சங்கிலிகள்.

அண்ணன் வண்டியின் கையேட்டைத் தேடி எடுத்தார். ஆங்கிலம் படிக்கத் தெரியாது, படங்களைப் பார்த்தார். ஒரு ஞாயிற்றுக்கிழமை அதனைச் சட்டைக்குள் செருகிக்கொண்டு என்னிடம் வந்தார். நான் அப்போது கல்லூரி மாணவி.

"பாப்பா, இத்தப் பாரேன். இந்தாளு வெள்ளையா இன்னாத்தத் தள்றான்? உப்பா?"

"பனி அண்ணா. அங்கெல்லாம் குளிர்காலத்துல வாசலே மூடிக்கிற அளவுக்குக் கொட்டும். அதைத்தான் ஒதுக்குறாரு."

"தானா தண்ணியாப் பூடாதா?"

"சீக்கிரம் ஆகாது. யாராவது தள்ளினாதான் வழி."

அண்ணன் அந்தப் படத்தை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. "அப்போ நம்ம சேறு மாரிதான்" என்றார். "இத்தினி வருசமா தகரத்த மூலைல சாத்தி வெச்சுகினு, இன்னாத்துக்குன்னே தெரியாம கீறாங்க பாரேன்."

அவ்வாண்டு மழையில் மாளிகைத் தெருவின் சேற்றை அத்தகடு ஒதுக்கியது. பனிக்கென்று வார்த்த இரும்பு சென்னைச் சேற்றுக்குப் பழகிவிட்டது. பல ஆண்டுகளுக்குப் பின் மாளிகை இடிக்கப்பட்டு அடுக்குமாடி எழுந்தபோது, "இதுங்களை வெச்சுக்கத் தெரிஞ்சவன் நீ ஒருத்தன்தான்" என்று கூறி மாளிகைக்காரர் இரண்டு வண்டிகளையும் அண்ணனுக்கே கொடுத்துவிட்டார். அதற்குள் அண்ணன் ஆதம்பாக்கத்தில் குடியேறியிருந்தார். அண்ணியார் மணமான நான்காம் ஆண்டிலேயே மறைந்தார், மகப்பேறு இல்லை. வீட்டை ஒட்டிய கொட்டகையில் அவ்விரு வண்டிகளும் நின்றன. ஒன்று ஓடும், மற்றது அதற்கு உறுப்புகளைக் கொடுக்கும். மழைக்குப் பின் ஆதம்பாக்கத்துத் தெருக்களையும் பள்ளி வாசல்களையும், எவர் அழைத்தாலும், சில வேளை அழைக்காமலும், சென்று தூய்மை செய்துவிட்டு வருவார்.

புரட்டாசி பிறந்ததும் வண்டியை ஆயத்தம் செய்யத் தொடங்குவார். சென்ற ஆண்டில் எஞ்சிய பெட்ரோலை முதலில் வடித்துவிடுவார். பழைய பெட்ரோல் பிசினாகித் துளைகளை அடைத்துவிடும் என்பார். கார்புரேட்டரைக் கழற்றி அதன் ஊசித்துளைகளை மெல்லிய கம்பியால் குத்தி ஊதுவார். பிளக்கை உப்புத்தாளால் தேய்ப்பார். காற்று வடிகட்டிக்குள் எலி கூடு கட்டியிருக்கிறதா என்று பார்ப்பார்; பெரும்பாலும் கட்டியிருக்கும். எண்ணெய் மாற்றி, கிரீஸ் வைத்து, பெல்ட்டை விரலால் அழுத்தித் தொய்வு பார்ப்பார். பின்பு முன்தகட்டைப் பூட்டுவார். இரும்பு விளிம்பு தார்ச்சாலையைச் சுரண்டாதிருக்க, பழைய லாரி டயரில் அறுத்த பட்டையை அதன் அடியில் போல்ட்டு போட்டு முடுக்குவார். சேறு ஒட்டாதிருக்கத் தகட்டின் முகம் முழுவதும் மெழுகுவத்தியைத் தேய்ப்பார். தள்ளும்போது சக்கரம் வழுக்காதிருக்கப் பின்புறம் இரண்டு மணல்மூட்டைகள். இவ்வளவும் ஆயுத பூசைக்கு முதல்நாள் முடிந்தாகவேண்டும். "அரையும் குறையுமா சாமி முன்னாடி நிறுத்துனா, மழை மட்டும் நம்மள முழுசா வுட்டுருமா?" என்பார்.

பூசையன்று வண்டிக்குச் சந்தனமும் குங்குமமும் இட்டு மாலை சூட்டுவார், கைவைக்கமாட்டார். மறுநாள் விசயதசமியன்று காலையில் எஞ்சினை முதன்முதலாக முடுக்க வேண்டும். அது கயிற்றை இழுத்து முடுக்கும் எஞ்சின். அந்தக் கயிற்றை நான்தான் இழுக்க வேண்டும் என்பது அண்ணன் வகுத்த வழக்கம்.

"வா பாப்பா, வந்து கயித்த இஸ்து வுடு. உன் கை ராசிதான் வண்டிக்கு."

"நான் இழுத்து என்ன ஆகப்போகுது? உங்களுக்கு வராததா?"

"எனக்கு வரும். அதுக்கு உன் கையிதான் புடிச்சிக்கீது. இன்னா பண்றது?"

நான் இழுப்பேன். ஒரே இழுப்பில் எஞ்சின் உறுமும். ஒருமுறையும் தவறியதில்லை. அண்ணன் தெருவில் நிற்பவரையெல்லாம் பார்த்து, "பாத்தியா? டீச்சர் கை!" என்பார்.

நான் மயிலாப்பூரில் வாழ்க்கைப்பட்டேன். கற்றவர்கள் நிறைந்த குடும்பம். என்னைக் குறைவாக எவரும் நடத்தியதில்லை. அதனால் என் பிழைக்கு அவர்கள்மீது பழி போட இயலாது. ஆனால் எங்கள் வீட்டுக் கூடத்தில் அண்ணன் "இன்னாம்மா, எப்டி கீற?" என்று வாய்திறக்கும்போதெல்லாம் என் செவி கூசியது. அவர் நகக்கண்ணில் இருந்த கிரீசைக் கண்டு என் கண் கூசியது. என் மாணவியர்க்கு ஒற்றுப்பிழையைச் சுட்டிய அதே கண்டிப்புடன், மனத்துக்குள் அவர் பேச்சைத் திருத்திக்கொண்டே இருந்தேன். அவர் போன பிறகு நாற்காலியைத் துடைத்த நாளும் உண்டு. ஒருமுறை, மறந்துவிட்ட குடையை எடுக்க அவர் திரும்பி வந்தபோது என் கையில் துணி இருந்தது. அவர் குடையை மட்டும் பார்த்தார்.

இனித் திருமணம். தியாகராய நகரில் மண்டபம். ஐப்பசி மாதத்து முகூர்த்தம். முந்திய நாள் பகல் முழுவதும் கொட்டிய மழையில் மண்டபத் தெரு குளமாயிற்று. விடியும்போது நீர் வடிந்து, வாசல் முழுவதும் கணுக்காலளவு சேறு நின்றது. பெண்வீட்டாரின் கார்கள் தெருமுனையிலேயே தயங்கி நின்றன. பட்டுப்புடைவையை உயர்த்திப் பிடித்துக்கொண்டு நான் வாசலில் செய்வதறியாது நின்றிருந்தேன்.

அப்போது ஒரு லோடு ஆட்டோ வந்தது. ஓட்டி வந்தவர் அண்ணனின் நண்பர் ஏகாம்பரம். பலகை சாய்த்து இறக்கப்பட்டது அந்தச் சிறு டிராக்டர். அண்ணன் அரைக்கால் சட்டையும் பழைய பனியனுமாக அதில் ஏறி அமர்ந்தார். கயிறு இழுபட்டது, தகடு இறங்கியது. சேறு சுருண்டு சுருண்டு ஓரத்துக்குப் போயிற்று. அரை மணி நேரத்துக்குள் மண்டப வாசலுக்கு வழி பிறந்தது. முதலில் வந்த காரிலிருந்து, அண்ணனை அதுவரை பார்த்திராத சம்பந்தியம்மாள் இறங்கினார். அண்ணன் வண்டியைப் பின்னுக்கு எடுத்து எங்களுக்கு மிக அருகில் நிறுத்தினார். முகத்திலும் மார்பிலும் சேறு. என்னைப் பார்த்துச் சிரித்தார்.

சம்பந்தியம்மாள் கனிவோடு கேட்டார்: "யாரு சம்பந்தி இவரு? பாவம், நமக்காக இவ்வளவு கஷ்டப்படுறாரே!"

நான் சொன்னேன்: "மண்டபத்து வேலைக்கு வந்தவர்."

எஞ்சின் ஓடிக்கொண்டிருந்தது, அவர் செவியில் விழுந்திராது என்று சில நாள் என்னை ஏமாற்றிக்கொண்டேன். விழுந்தது. ஏனெனில் அடுத்த கணம் அண்ணன் எஞ்சினை நிறுத்திவிட்டு, சம்பந்தியம்மாளை நோக்கி, "ஆமாம்மா. நீங்க தாராளமா உள்ள போங்க, வழுக்காது" என்றார். என்னைப் பார்க்கவில்லை. சம்பந்தியம்மாள் அவருக்குக் காப்பி கொடுக்கச் சொன்னார். எங்களுக்கு வெள்ளி டம்ளரில் வந்தது. அவருக்குக் காகிதக் குவளையில் வந்தது. நின்றுகொண்டே குடித்துவிட்டு, "நல்லா கீதும்மா" என்று குவளையை மடித்துக் கால்சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டார். வாசலில் அவர் குப்பை போடமாட்டார்.

நான் உள்ளே நடந்தேன். பத்து அடி நடப்பதற்குள் என் பிழையின் முழு உருவமும் எனக்குப் புலப்பட்டது. சற்று நேரத்தில் இதே மனிதர் குளித்து, புது வேட்டி உடுத்தி, மணமேடையில் ஏறிக் குமரனின் நெற்றியில் பட்டம் கட்ட வேண்டியவர். தாய்மாமன் கட்டும் பட்டம் அது. அவர் ஏறினால் சம்பந்தியம்மாளுக்கு முன் என் பொய் நிற்கும். அவர் ஏறாவிட்டால் தாய்மாமன் நிற்க வேண்டிய இடம் வெறுமையாக நிற்கும். ஒரு சொல்லால் என் அண்ணனை மேடைக்கு வரமுடியாதவராக்கிவிட்டேன்.

கைப்பேசி ஒலித்தது. அண்ணன்.

"பாப்பா, எனக்குக் காச்சல்னு சொல்டு."

"அண்ணா..."

"வாச்மேன்கிட்ட பை ஒண்ணு குடுத்துக்கிறேன். பட்டம் அதுலதான் கீது. ஊட்டுக்காரரு தம்பி யாரையாவது வுட்டுக் கட்டிடு. நேரத்துக்குக் கட்டிரணும், ஆமா."

வேண்டாம், வாருங்கள் என்று நான் சொல்லியிருக்க வேண்டும். தெருமுனைக்கு ஓடி அவர் கையைப் பிடித்து அழைத்து வந்திருக்க வேண்டும். "சரி அண்ணா" என்றேன். உங்கள் எல்லாரிடமும் நான் கூறிய அந்தக் காய்ச்சல்கூட என் சொந்தப் பொய்யன்று. அவர் எடுத்துக் கொடுத்தது. பையைத் திறந்தேன். மஞ்சள் துணியில் சுற்றிய பட்டம், அதன்கீழ் மடிப்புக் கலையாத அவருடைய புது வேட்டி சட்டை. அவற்றையும் மறந்து விட்டுவிட்டுப் போயிருந்தார். பட்டத்தை என் கணவரின் ஒன்றுவிட்ட தம்பி கட்டினார். எல்லாரும் அட்சதை தூவினீர்கள். நானும் தூவினேன்.

அதன்பின் நான்கு விசயதசமிகள் வந்தன. ஒன்றுக்கும் நான் ஆதம்பாக்கம் செல்லவில்லை. கோபத்தால் அன்று, அக்கயிற்றைத் தொட எனக்கு முகமில்லை. தேர்வுத்தாள், முழங்கால் வலி என்று ஏதேனும் சொல்லி அனுப்புவேன். அண்ணன் வற்புறுத்தவில்லை. தீபாவளிக்கு எப்போதும்போல் வந்தார், எப்போதும்போல் பேசினார். ஒவ்வொரு விசயதசமியன்றும் காலை பத்து மணிக்குத் தொலைபேசியில் அழைப்பார். "இன்னா சமையல்? மாப்ள எப்டி கீறாரு? ஏதாவது பேசு பாப்பா" என்பார். நான் எதையாவது பேசுவேன். இடையில் இரைச்சல் எழும். "சரி, வெச்சுர்றேன்" என்று வைத்துவிடுவார். பட்டறைப் பக்கம் நின்று பேசுகிறார் போலும் என்று எண்ணினேன்.

சென்ற ஆவணியில் அவருக்கு நெஞ்சுவலி வந்தது. மருத்துவமனைத் தாழ்வாரத்தில் ஏகாம்பரம் நின்றிருந்தார். திருமண நாளுக்குப் பின் அன்றுதான் நாங்கள் நேருக்கு நேர் பார்த்துக்கொண்டோம்.

"இன்னாம்மா, வேலைக்கு வந்த ஆளப் பாக்க வந்துக்கிறியா?" என்றார்.

அண்ணன் எந்த அறையில் என்று கேட்டேன். அவர் விடவில்லை. "தசமிக்குத் தசமி ஃபோன் பண்ணுவாரே, இன்னாத்துக்குன்னு நெனச்சிகினு இருந்த? ஃபோன ஸ்பீக்கர்ல போட்டு வண்டி மேல வெப்பாரு. நீ பேசிகினு இருக்கச்சொல்ல கயித்த இஸ்பாரு. 'கை வர்ல, கொரலாவது வரட்டும்'னு சொல்வாரு. நான் பக்கத்துல நின்னு தலைல அடிச்சிக்குவேன். பைத்தியம்மா அந்தாளு."

ஒன்பது நாள் அண்ணனின் அருகில் இருந்தேன். ஒரு பிற்பகலில் அவர் சற்றுத் தெளிவாக இருந்தார். "அண்ணா, அன்னிக்கு மண்டபத்துல..." என்று தொடங்கினேன்.

"வண்டில பழைய பெட்ரோல் கீது பாப்பா. வடிக்கச் சொல்லணும்."

"சொல்றேன். ஆனா நான் சொல்ல வந்தது..."

"தெரியும். அத்த வுடு. பெட்ரோல மறந்துடாத."

அது மன்னிப்பா, அன்றி அப்பேச்சே வேண்டாம் என்ற விலக்கா என்று எனக்கு இன்றுவரை தெரியாது. இரண்டாம் நாள் காலை அவர் உயிர் பிரிந்தது. பெட்ரோலை நான் மறந்தேன்.

பதினாறாம் நாள் சடங்குக்குச் சம்பந்தியம்மாள் ஆதம்பாக்கம் வந்தார். அண்ணனின் படத்துக்கு முன் வெகுநேரம் நின்றார். என் அருகில் வந்து அமர்ந்ததும், இனியும் ஒளிக்க இயலாது என்று நான் வாய்திறந்தேன். அவர் என் கையைப் பற்றிக்கொண்டார்.

"எங்களுக்குத் தெரியும் சம்பந்தி. கல்யாணமான ரெண்டாம் மாசமே தெரியும்."

திருமணத்தன்று மண்டபத்து மாடியறைச் சன்னலிலிருந்து குமரன் தன் மாமனைப் பார்த்திருக்கிறான். அவர் திரும்பிப் போனதையும் பார்த்திருக்கிறான். என்னிடம் ஒரு சொல்லும் கேட்காமல், தன் மனைவியிடம் எல்லாம் கூறியிருக்கிறான். பின்பு வேலைக்காக வெளிநாடு சென்று, பனி பெய்யும் ஊரில் அவர்கள் வீடு வாங்கியபோது, அதன் கொட்டகையில் முன்னிருந்தவர் விட்டுச்சென்ற பழைய தோட்ட டிராக்டர் ஒன்று இருந்திருக்கிறது. அண்ணனுடைய வண்டியைப் போலவே தகடும் சங்கிலியும் உடையது. குமரன் உடனே மாமனை அழைத்திருக்கிறான். அதன்பின் ஒவ்வோராண்டும் குளிர் தொடங்கும்போது, இங்கே விளக்கு வைக்கும் நேரத்திலும் அங்கே காலையிலுமாக, இருவரும் காணொலியில் வண்டியை ஆயத்தம் செய்திருக்கிறார்கள். அவ்வாறு ஒரு நாள், மகள் வீட்டுக்குச் சென்றிருந்த சம்பந்தியம்மாளும் கொட்டகையில் நின்றிருந்தார். அவர் சொன்னதை அப்படியே எழுதுகிறேன்.

முதலில் பழைய பெட்ரோலை வடிக்கச் சொன்னாராம். அடுத்து எண்ணெய். "மார்கழில தேங்காண்ணெ கட்டிப் போவுதில்ல, அது மாரி அந்தக் குளுருக்கு இந்த ஆயில் கட்டிக்கும் மாப்ள. எளசா கீறத ஊத்து" என்றாராம். தகட்டுக்கு மெழுகு தேய்க்கச் சொன்னாராம். சக்கரத்தில் சங்கிலி ஏறியதும், "இத்தினி வருசமா என் வூட்டு ஆணில சும்மா தொங்கிகினு கீது. அதுக்கு இன்னா வேலைன்னு இன்னிக்குதான் கண்ணால பாக்குறேன்" என்று சிறுபிள்ளைபோலச் சிரித்தாராம். பனியை ஒரு பிடி அள்ளிக் காட்டச் சொல்லி, "உப்புதான்! நான் அப்பவே சொன்னேன், பாப்பா ஒத்துக்கல" என்றாராம்.

அப்போதுதான் சம்பந்தியம்மாள் கைப்பேசிக்கு முன் வந்து கேட்டிருக்கிறார்: "அண்ணா, அன்னிக்கு மண்டப வாசல்ல வழி பண்ணிக் குடுத்தது நீங்கதானே? எங்ககிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா? சம்பந்தி ஏன் அப்படிச் சொன்னாங்க?"

அண்ணன் சொன்ன விடை இது:

"பாப்பா பொய் சொல்லலம்மா. வேலைக்குத்தான் வந்தேன். என் மருமவன் கல்யாணம், நான் வேலை செய்யாம வேற எவன் செய்வான்? நீங்க தெரிஞ்சிகினத அதுங்கிட்ட சொல்லிக்காதீங்க. ரொம்பப் படிச்ச பொண்ணு, தாங்காது."

ஆக, நான் ஒளித்துவைத்திருந்த பொய் அவர்கள் அனைவர்க்கும் தெரிந்தே இருந்தது. எனக்கு நோகாதிருக்க வேண்டும் என்று எல்லாரும் அதனை என்னைச் சுற்றிக் காத்துவந்திருக்கிறார்கள். காவலுக்கு அவர்களை நிறுத்தியவர், யாரை நான் மறுத்தேனோ அவரே.

சென்ற விசயதசமியன்று நான் ஆதம்பாக்கம் சென்றேன். கொட்டகையில் வண்டி தூசி படிந்து நின்றது. சந்தனமிட்டேன், மாலை சூட்டினேன், கயிற்றைப் பற்றி இழுத்தேன். ஒன்றும் நிகழவில்லை. மீண்டும் இழுத்தேன். கை காந்தியது.

"இன்னாம்மா, கைராசி எங்க போச்சு?" என்றார் ஏகாம்பரம். குரலில் பழைய கடுமை இல்லை.

அப்போதுதான் எனக்கு விளங்கியது. ஒரு மாதம் முழுவதும் குனிந்து, துளையெல்லாம் ஊதி, எலிக்கூட்டை எடுத்து, யார் இழுத்தாலும் உறுமும் நிலையில் வண்டியை நிறுத்திவிட்டு, கடைசி இழுப்பை மட்டும் அவர் என் கையில் வைத்திருக்கிறார். வேலை அவருடையது. ராசி என்ற பெயர் என்னுடையது. என் படிப்பும் அவ்வாறு வந்ததே.

குமரனைக் காணொலியில் அழைத்தோம். மாமன் தனக்குச் சொன்ன வரிசையில் அவன் சொல்லச் சொல்ல, ஏகாம்பரமும் நானும் செய்தோம். பெட்ரோல் தேன்போல் தடித்து வடிந்தது. அவர் இருமுறை நினைவூட்டியது அது. காற்று வடிகட்டிக்குள் எலிக்கூடு இருந்தது. மெழுகை நான் தேய்த்தேன். மூன்றாம் நாள் மாலை எஞ்சின் உறுமியது, ஏழாவது இழுப்பில். கார்த்திகை மழைக்குப் பின் ஏகாம்பரம் அதில் ஏறி, அண்ணன் தூய்மை செய்துவந்த தெருக்களையெல்லாம் தூய்மை செய்தார். நான் அவருக்குப் பின்னால், விளக்குமாற்றுடன் நடந்தேன். மூக்கைப் பொத்திக்கொள்ளவில்லை. இதனால் எதுவும் ஈடாகிவிடும் என்று எண்ணி எழுதவில்லை, நடந்ததால் எழுதுகிறேன்.

நன்றி கூற வேண்டியவர் பலர். ஒன்பது நாளும் அண்ணனைத் தந்தைபோலப் பேணிய செவிலியர்க்கும் மருத்துவர்க்கும். தகன நாளில் தத்தம் வீட்டு அடுப்பை எங்களுக்காக மூட்டிய ஆதம்பாக்கத்துத் தெருவினர்க்கும். இறுதிச் சடங்கில் கொள்ளி வைக்கக் கடல் கடந்து வந்த குமரனுக்கும், அவனுக்குத் துணை நின்ற மருமகளுக்கும். உண்மை அறிந்தும் என் முகத்தைக் காத்த சம்பந்தியம்மாளுக்கும். பொய்க் காய்ச்சலை நம்பி அன்று மாலையே பழம் வாங்கிக்கொண்டு அண்ணனைப் பார்க்கப் புறப்பட்டு, என்னால் தடுக்கப்பட்ட என் கணவர்க்கும் நன்றி. அவரிடம் மன்னிப்பும் வேண்டுகிறேன். நண்பர் ஏகாம்பரத்துக்கு நன்றி சொன்னால் ஏசுவார். எனினும் அச்சில் இருப்பதனால் சொல்லிவிடுகிறேன்.

இம்மலரின் முதல் பக்கத்தில் உள்ள படம், காணொலியில் பேசியபோது மருமகள் எடுத்தது. அப்படத்தில் அண்ணன் அணிந்திருப்பது, பையோடு மண்டபத்தில் விட்டுச்சென்ற அந்தப் புதுச் சட்டை. அடுத்த தீபாவளிக்கு அவர் வந்தபோது, "நீங்க மறந்துட்டுப் போனது" என்று நான் திருப்பிக் கொடுத்தேன். அவரும் "ஆமா, மறந்துட்டேன்" என்று வாங்கிக்கொண்டார்.

சம்பந்தியம்மாளுக்கும், அன்று மண்டபத்துக்கு வந்திருந்த உங்கள் அனைவர்க்கும், வாசலில் கேட்கப்பட்ட கேள்விக்குக் காலம் கடந்து விடை தருகிறேன். சேறு தள்ளிக்கொண்டிருந்தவர் என் அண்ணன். மணமகனின் தாய்மாமன். அன்று மண்டபத்துக்கு எங்கள் வீட்டுச் சார்பில் முதலில் வந்த உறவினர் அவரே.